கட்டாயமற்ற பசுமை

பொதுப்பணத்தில் உருவான பர்க்கன்ஹெட் பூங்காவை 1847இலேயே திறந்த இங்கிலாந்தில், பூங்காப் பராமரிப்பு இன்றும் உள்ளாட்சி மன்றங்களின் விருப்பப் பணியாகவே, அதாவது சட்டம் கட்டாயப்படுத்தாத பணியாகவே இருப்பதால், 2010க்குப் பின் நடுவண் அரசு மானியங்களைக் குறைத்தபோது, முதியோர் பராமரிப்பு போன்ற கட்டாயப் பணிகளைக் கைவிட இயலாத மன்றங்கள் பூங்காக்களின் மீது கைவைத்தன. பணியாளர் குறைந்த பூங்கா ஒரே நாளில் அழிவதில்லை. மலர்ப்பாத்திகள் வெறும் புல்தரையாகின்றன, கழிப்பறைகள் பூட்டப்படுகின்றன, அதனால் முதியவர்களும் குழந்தைகளோடு வரும் தாய்மார்களும் விலகிப்போக, வருவோர் குறைந்ததே அடுத்த வெட்டுக்கு நியாயமாகிவிடுகிறது. வசதி மிக்க பகுதிகளில் நன்கொடையும் தன்னார்வலர் உழைப்பும் இவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்யக்கூடும். ஆனால் வசதி குறைந்த பகுதிகளில், வீட்டுத் தோட்டமற்ற அடுக்ககக் குடும்பங்களுக்கு அந்த வழியும் இல்லையாதலால், பூங்காப் பராமரிப்பைச் சட்டக் கடமையாக்குவதே முறை.