ரத்தம் கொடுத்தவரிடமும் சொல்லுங்கள்

தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றின் ரத்த வங்கியில் ஆலோசகராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். எடை 45 கிலோ இருக்கிறதா, ஹீமோகுளோபின் 12.5 இருக்கிறதா என்று கருவி பார்த்துவிடும். மற்றதை மனிதர்தான் மனிதரிடம் கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளைக் கேட்பதுதான் என் வேலை.

மஞ்சள் காமாலை வந்ததுண்டா, சமீபத்தில் மலேரியா வந்ததா, பச்சை குத்தி ஒரு வருஷம் ஆகிவிட்டதா என்பது வரை பிள்ளைகள் தயங்காமல் பதில் சொல்வார்கள். அடுத்து உடலுறவு பற்றிக் கேட்க வேண்டும். பின்னால் மாமா நிற்பார், பக்கத்தில் சிநேகிதன் நிற்பான். கேள்வி முடிவதற்குள் “அதெல்லாம் இல்லக்கா” என்று பதில் வந்துவிடும். அதனால் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்பேன். அப்போது சிலர் வேறு பதில் சொன்னார்கள். அவர்களிடம் ரத்தம் எடுக்கவில்லை.

பரிசோதனைதான் செய்கிறார்களே, பிறகு எதற்கு இந்த விசாரணை என்று படித்தவர்களே கேட்கிறார்கள். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொரு பையையும் சோதித்தே ஆகவேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். ஆனால் கிருமி உடம்புக்குள் வந்த மறுநாளே எந்தச் சோதனையிலும் சிக்காது. எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனையில் எச்.ஐ.வி. தெரியச் சுமார் மூன்று வாரம் ஆகும். ஹெபடைடிஸ் சி இரண்டு மாதம்கூட மறைந்திருக்கும். அந்த இடைவெளியில் எடுத்த ரத்தத்துக்கு ஆய்வகம் ‘தொற்று இல்லை’ என்றுதான் எழுதும். பை நோயாளிக்குப் போய்விடும். ஒரே பையைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரித்தால் மூன்று பேருக்குப் போகும். அந்த நாட்களில் நோயாளியைக் காப்பாற்றக்கூடியது கொடுப்பவர் சொல்லும் உண்மை ஒன்றுதான்.

அந்த உண்மையைச் சொல்லவிடாமல் செய்வதும் நாம்தான். காசுக்கு ரத்தம் விற்பதை நிறுத்தச் சொல்லி 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1998 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதன் இடத்தில் “ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க” என்ற பழக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. அக்கா பிரசவத்துக்காக மொத்தக் குடும்பமும் வாசலில் காத்திருக்கையில், தம்பி என்ன காரணம் சொல்லி மறுப்பான்? உறவினரை வற்புறுத்திக் கொடுக்கவைக்கும் ரத்தத்தை நான் ஒருநாளும் நிம்மதியாகக் கையாண்டதில்லை.

2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்ததை இந்த மாவட்டங்களில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கர்ப்பிணி ஒருவருக்கு அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. கலந்த ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் சிவகாசியிலிருந்து வந்தது. கொடுத்தவருக்கு 19 வயது. வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட பரிசோதனையில்தான் தனக்குத் தொற்று இருப்பதே அவருக்குத் தெரிந்தது. தெரிந்தவுடன் அவரே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றியாகிவிட்டது. அந்தப் பையன் விஷம் குடித்து, அந்த மாதம் முடிவதற்குள் இறந்துபோனான்.

ஊழியர்கள்மீது நடவடிக்கை எடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இழப்பீடு தர உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆனால் எனக்கு இன்றுவரை ஆறாத சேதி வேறொன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பையன் ரத்தம் கொடுத்திருக்கிறான், தொற்று அப்போதே தெரிந்திருக்கிறது, அவனிடம் சொல்லப்படவில்லை என்று அதிகாரிகளே அப்போது சொன்னார்கள். சொல்லியிருந்தால் 2016-லேயே மாத்திரை தொடங்கியிருப்பான். இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான். அந்தத் தாயின் உடம்பில் அந்த ரத்தம் ஏறியிருக்காது. தனக்கு வந்தது தெரிந்ததும் யாருக்கோ போகப்போகும் ரத்தத்தை நினைத்து ஓடிவந்து சொன்னவனை, நாம் குற்றவாளியைப் போலப் பேசினோம். அவன் செய்தது நம் அமைப்பு செய்யத் தவறிய வேலை.

படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: பரிசோதனையில் ஏதாவது தெரிந்தால் உங்களுக்குத் தெரிவிக்கலாமா? இதைப் படித்துக் கையெழுத்துப் போட்டவர்கள் மிகக் குறைவு. கல்லூரி முகாமில் வரிசை நீண்டு நிற்கும். சான்றிதழும் பழச்சாறும் காத்திருக்கும். முகவரி என்ற இடத்தில் கல்லூரிப் பெயரை மட்டும் எழுதுவார்கள். செல்போன் எண்ணில் ஓர் இலக்கம் குறையும். முதல் சோதனையில் சந்தேகம் வந்தால் அவரை அழைத்து இரண்டாவது மாதிரி எடுத்து உறுதிசெய்ய வேண்டும். ஏனெனில் முதல் சோதனை சிலசமயம் தவறாகவும் காட்டும். போனை அம்மா எடுக்கலாம் என்பதால் விவரம் எதுவும் சொல்லக்கூடாது, நேரில் வரவழைத்துத்தான் பேச வேண்டும். இதற்கெல்லாம் ஆள் வேண்டும், நேரம் வேண்டும். பையை அழித்துவிட்டு ஆளை விட்டுவிடுவது சுலபம். ஆனால் அந்த ஆள் அடுத்த முகாமில் மறுபடி கையை நீட்டுவார்.

எத்தனை யூனிட் சேர்ந்தது என்று மேடையில் அறிவிப்பதை நிறுத்துங்கள். திரை போட்டுத் தனியாகக் கேள்வி கேட்க ஆலோசகர் இல்லாத முகாமுக்கு அனுமதி தராதீர்கள். தொற்று தெரிந்தவர்களில் எத்தனை பேரிடம் சொல்லப்பட்டது, எத்தனை பேர் சிகிச்சைக்குச் சேர்ந்தார்கள் என்று ஒவ்வொரு ரத்த வங்கியும் கணக்குக் காட்டவேண்டும். கிருமியின் மரபணுவையே தேடும் ‘நாட்’ சோதனை, எச்.ஐ.வி. மறைந்திருக்கும் காலத்தைப் பத்து நாளை ஒட்டிக் குறைக்கிறது. சட்டம் கட்டாயமாக்கிய சோதனை முறைகளில் அது இல்லை. செலவுதான் காரணமென்றால், பல மாவட்டங்களுக்குப் பொதுவாக ஓர் ஆய்வகம் வைக்கலாம். 2025 அக்டோபரில் ஜார்க்கண்டின் சாய்பாசாவில், ரத்தம் ஏற்றிவந்த தலசீமியா குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. இன்னும் எதற்காகக் காத்திருக்கிறோம்?

ரத்தம் கொடுக்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். படிவத்தில் உங்கள் சொந்த எண்ணை எழுதுங்கள். முடிவைத் தெரிவிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். எச்.ஐ.வி. இருக்குமோ என்று பார்த்துக்கொள்வதற்காக ரத்தம் கொடுக்க வராதீர்கள். அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் அந்தச் சோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097-க்குப் போன் செய்யுங்கள், அதற்கும் கட்டணம் இல்லை.