நியூ கலிடோனியாவும் ஓட்டர் லிஸ்டும்

பிரான்சில் குடியேறிவிட்ட என் பழைய வகுப்புத் தோழர்கள் சிலர் நியூ கலிடோனியா பற்றிப் பேச்செடுத்தால் ஒரே கேள்வியில் முடித்துவிடுகிறார்கள்: "பத்து வருஷமாக அங்கே குடியிருப்பவனுக்கு ஓட்டு இல்லையென்றால் அது என்ன ஜனநாயகம்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் லிஸ்ட் எப்படித் தயாரானது என்று பார்க்காமல் ஓட்டைப் பற்றிப் பேசக்கூடாது. இது ஒரு பழைய குமாஸ்தாவின் கட்சி.

1853-இல் பிரான்ஸ் அந்தத் தீவைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. கைதிகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோய்க் குடியமர்த்தியது. மண்ணுக்குரிய கனாக் மக்களின் நிலத்தைப் பிடுங்கி, அவர்களை ஒதுக்குப்புறமாகத் தள்ளியது. 1972-இல் பிரதமர் பியேர் மெஸ்மெர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. சுதேசிகளின் சுதந்திரக் கோரிக்கையைச் சமாளிக்க வேண்டுமானால் பிரெஞ்சுக் குடிமக்களைப் பெருமளவில் அங்கே குடியேற்ற வேண்டும் என்பது அதன் சாரம். 2019 கணக்கெடுப்பில் கனாக்குகள் நூற்றுக்கு 41 பேர். ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அப்புறம் "வாருங்கள், தலையை எண்ணலாம்" என்றால் அதற்குப் பெயர் வேறு.

இதை உணர்ந்துதான் 1998-இல் நூமேயா ஒப்பந்தம் போட்டார்கள். காலனி ஆட்சியின் தீமைகளைப் பிரெஞ்சு அரசு அதில் எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. மாகாணத் தேர்தல்களுக்கு, அதுவரை குடியேறியவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் மட்டுமே ஓட்டு என்பது அதிலிருந்து வந்த ஏற்பாடு. 2007-இல் அரசியல் சாசனத்தைத் திருத்தி அதை உறுதிப்படுத்தியது இடதுசாரி யாருமில்லை, ஷிராக் காலத்தில் நடந்தது. "நீங்களும் இந்த மண்ணில் இருக்கலாம்" என்று கனாக்குகள் ஒப்புக்கொண்டதற்கு ஈடாக வந்த வாக்குறுதி அது.

பாரிஸ் கட்சிகளுக்கு அந்தத் தீவு எப்போதுமே தேர்தல் சரக்குதான். 1988 மே 5-ஆம் தேதி உவேயா குகையில் பணயக்கைதிகளை மீட்பதற்காக நடந்த தாக்குதலில் 19 கனாக்குகளும் 2 சிப்பாய்களும் செத்தார்கள். மித்தெரானும் ஷிராக்கும் மோதிய ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்றுக்கு அப்போது மூன்றே நாள் பாக்கி. 2021 டிசம்பரில் மூன்றாவது வாக்கெடுப்பு. கொரோனாவில் இறந்தவர்களுக்குத் துக்கம் காக்கிறோம், தள்ளிவையுங்கள் என்று கனாக் தலைவர்கள் கேட்டார்கள். பாரிஸ் மறுத்தது, அவர்கள் புறக்கணித்தார்கள். நூற்றுக்கு 44 பேர்கூட வராத தேர்தலில் சுதந்திரம் வேண்டாம் என்று 96.5 சதவீதம் என்று அறிவித்துப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். இதுவும் ஜனநாயகமாம்.

2024 மே மாதம் பூட்டியிருந்த லிஸ்டைத் திறக்க 351-க்கு 153 என்று கீழ்ச்சபையில் நிறைவேற்றினார்கள். மக்ரோன் கட்சி, பழைய வலதுசாரிகள், லெபென் கட்சி எல்லோரும் ஒரு பக்கம். தீவு பற்றி எரிந்தது. 14 பேர் செத்தார்கள். ஜூனில் மக்ரோன் சபையைக் கலைத்தார், அந்தத் திருத்தத்தையும் நிறுத்திவைத்தார்.

கலவரத்தின்போது அரசு டிக்டாக்கையே முடக்கியது. அது சட்டவிரோதம் என்று உச்ச நிர்வாக நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொன்னது. (வீடியோ என்றதும் நினைவு வருகிறது. விளம்பரமில்லாமல் பார்க்க மாதாமாதம் பணம் கட்டுகிறேன். "பென்ஷன்காரருக்கு இது தேவையா?" என்று வீட்டில் கேலி. நூமேயாவில் ஒரு தாய் அழுதுகொண்டிருக்கும்போது நடுவில் நகைக்கடன் விளம்பரம் வந்து குதித்தால் எனக்குப் பொறுக்கவில்லை. காசு கொடுத்தால்தான் துக்கத்தைக் குறுக்கீடில்லாமல் பார்க்கலாம் என்பதும் அநியாயம்தான். ஆனாலும் கட்டுகிறேன். இலவசச் செய்திக்கு யாரோ பணம் கட்டுகிறான், அவன் பெயர் தெரிவதில்லை.)

தோழர்களுக்கு நம் ஊர்க்கதையையும் நினைவுபடுத்த வேண்டும். 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் ஓட்டுப் போட்டவர்கள் 178 பிரதிநிதிகள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நம் அப்பா அம்மாவை யாரும் சாவடிக்குக் கூப்பிடவில்லை. இணைப்பு தவறென்று நான் சொல்லவில்லை, அது நடக்க வேண்டியதுதான். ஆனால் "ஆளுக்கு ஒரு ஓட்டு" என்ற புனித மந்திரத்தைப் பிரான்ஸ் அன்று நமக்கு ஓதவில்லையே? 1962-இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது பலருக்கு ஆறு மாத அவகாசமும் ஒரு மனுவும் கிடைத்தன. அதில் கையெழுத்துப் போட்ட அப்பாவின் பிள்ளைதான் இன்று பாரிஸில் உட்கார்ந்து கனாக்குக்கு ஜனநாயகம் கற்பிக்கிறான்.

2025 ஜூலையில் பூஜிவால் என்ற ஊரில் புதிதாக ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். லிஸ்டைத் திறப்பது அதிலும் இருந்தது. ஒரே மாதத்தில் கனாக்குகளின் விடுதலை முன்னணி அதை நிராகரித்தது.