படத்துக்கு வந்த மூப்பு

கண்ணாடி முன்னால் நின்று நரைமுடி ஒன்றைப் பிடுங்கும்போது டோரியன் கிரே ஞாபகத்துக்கு வந்தான். ஆஸ்கார் வைல்டு 1890-ல் மாத இதழில் எழுதி, 1891-ல் புத்தகமாக்கிய கதையின் நாயகன். லண்டன்காரன், ராஜா மாதிரி அழகு. தனக்குப் பதில் தன் ஓவியம் கிழடாகட்டும் என்று ஏங்குகிறான், பலித்தே விடுகிறது!

ஆனால் பாருங்களேன், படத்தில் முதலில் விழுவது நரையோ சுருக்கமோ இல்லை. சிபில் என்றொரு ஏழை நடிகை. இவன்மேல் உயிரையே வைத்தவள், ஒருநாள் மேடையில் கோட்டை விட்டுவிட்டாள். அவ்வளவுதான், முகத்தில் அடித்தாற்போல் பேசி உதறிவிட்டு வருகிறான். வீட்டில் பார்த்தால், படத்தின் வாயோரம் ஒரு குரூரம். அன்றிரவே அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். இவனோ மறுநாள் ஆபரா பார்க்கப் போகிறான்! எனக்கு ஆறவே இல்லை.

படத்தை, தான் சிறுவயதில் பாடம் படித்த மாடி அறையில் பூட்டி வைக்கிறான். கொலை வரைக்கும் போகிறது கதை. கடைசியில் படத்தையே கத்தியால் குத்த, கிழப்பிணமாகக் கிடந்தவனை மோதிரங்களை வைத்துத்தான் வேலைக்காரர்கள் அடையாளம் கண்டார்கள்.

கதை கேட்ட என் பெரியவள், என் வாயோரக் கோட்டைத் தொட்டு, "இது சிரிச்சு வந்ததா, திட்டி வந்ததா அம்மா?" என்றாள். பேச்சை மாற்றிவிட்டேன்.