ஊசி போடுமுன் பாலைச் சோதியுங்கள்

திருத்துறைப்பூண்டியை அடுத்த கொருக்கையில் உம்பளாச்சேரி மாடுகளைப் பேணிவரும் அரசு கால்நடைப் பண்ணை இருக்கிறது. டெல்டாவின் சேற்றில் ஏர் இழுத்த இனம் அது. கொம்பைத் தீய்த்துவிடுவதால் மொட்டை மாடு என்பார்கள். பாலுக்குப் பெயர் போன இனம் அல்ல. உழவு டிராக்டரிடம் போனபின் கொட்டகைகளில் ஜெர்சி கலப்பினம் நிறைந்தது. கறவை கூடியது, கூடவே மடிநோய்க் கவலையும் கூடியது.

மடி கல்லாக இறுகி, பால் திரிதிரியாக வந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். பெரிய இழப்பு அங்கே இல்லை. மாடு நன்றாகத் தின்னும், காம்பில் வீக்கமே இருக்காது, பால் மட்டும் நாளுக்கு நாள் குறையும். தீவனம் சரியில்லை என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொள்வார். இந்த மறைமுக மடிநோய்க்குக் காரணமான கிருமிகளில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பம் முக்கியமானது.

அந்தக் குடும்பத்தில் எந்தக் கிருமி என்பதைப் பொறுத்து வைத்தியமே மாறும். பிரான்சில் நோகார், மொல்லரோ இருவரும் 1887இல் விவரித்த ‘அகலாக்டியே’ பெரும்பாலும் மடிக்குள்ளேயே வாழ்வது. கறப்பவரின் கையும் துடைக்கும் துணியும்தான் அதற்கு வாகனம். ஒரே ஆள் வீடு வீடாகப் போய்க் கறக்கும் தெருவில், ஒரு மாட்டின் நோய் தெருவுக்கே பரவ வழி இருக்கிறது. ‘யூபெரிஸ்’ அப்படியல்ல, அதன் இருப்பிடம் சாணமும் ஈர வைக்கோலும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டா கொட்டகைத் தரை எப்படி இருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலாவதற்கு நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறந்து, கை கழுவி, பென்சிலின் கொடுத்தால் பெரும்பாலும் கேட்கும். இரண்டாவதற்குத் தரையை உலர வைக்காமல் எத்தனை ஊசி போட்டாலும் நோய் திரும்ப வரும்.

ஆனால் எந்தக் கிருமி என்று பார்க்காமலேயே ஊசி போடுவது வழக்கமாகிவிட்டது. பாலைக் காய்ச்சினால் கிருமி சாகும். மருந்தின் எச்சம் அப்படி முழுதாகப் போய்விடாது. அரைகுறையாகக் கொடுத்த மருந்துக்குக் கிருமிகள் பழகிப்போவது தனி ஆபத்து.

தஞ்சையில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு விழுதைத் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியமும் எடுத்துக்கொண்டது. ஊசியைக் குறைக்க நல்ல வழி. ஆனாலும் நோய் வெளியே தெரியாத மாட்டுக்கு விழுது பூச யாருக்குத் தோன்றும்?

அதற்குச் சோதனை வேண்டும். கலிபோர்னியாவில் 1957இல் வந்த முறை எளிமையானது: நான்கு குழியுள்ள தட்டில் நான்கு காம்பின் பாலையும் தனித்தனியே பீய்ச்சி, சோப்புத்தன்மையுள்ள கரைசல் விட்டுச் சுழற்ற வேண்டும். நோயுள்ள காம்பின் பால் கூழாகத் திரளும். கொட்டகையிலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

பால் சங்கத்தில் கொழுப்பையும் திடப்பொருளையும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். அந்தச் சங்கமே தட்டும் கரைசலும் வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை உறுப்பினரின் மாடுகளைச் சோதிக்கலாம். கூழாகும் பாலைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து மன்னார்குடி வழியாக ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினால் எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்பது தெரியும். டென்மார்க்கில் பல பத்தாண்டுகளாகப் பண்ணைகளின் பாலை ஆண்டுதோறும் அகலாக்டியேவுக்காகச் சோதித்து நோயை வெகுவாகக் குறைத்தார்கள். அங்கேயே 2000க்குப் பிறகு அது மறுபடி தலைதூக்கியதால், ஒருமுறை சோதித்துவிட்டு நிறுத்தும் திட்டம் உதவாது.

இது மாட்டோடு நிற்கும் விஷயமும் அல்ல. பச்சிளங்குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் ‘பி’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸும் இதே அகலாக்டியே இனம்தான், வகைகள் பெரும்பாலும் வேறு என்றாலும். சிங்கப்பூரில் 2015இல் பச்சை நன்னீர் மீன் தின்ற பலர் இந்த இனக் கிருமியால் படுக்கையில் விழுந்தார்கள்.

தட்டும் கரைசலும் பெரிய செலவில்லை. மாதிரியை எடுத்துச்செல்லும் வண்டிக்கும், சோதனைக்கும், முடிவைக் கைப்பேசியில் உரியவருக்குச் சொல்வதற்கும் கால்நடைத் துறையும் ஆவினும் சேர்ந்து பணம் ஒதுக்க வேண்டும். இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே திருத்துறைப்பூண்டி வட்டத்தில் இதைத் தொடங்கலாம்.