அறுவைக்குப் பின் ஐந்து வருஷம்

பெருங்குடலில் கண்ட புற்றை டாக்டர்கள் அறுத்து எடுத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நம் ஜனங்களில் பெரும்பாலோர் கருதுகின்றனர். டிக்ரி கிடைத்த அன்றே நிலம் கைக்கு வந்துவிட்டதாக மகிழும் கட்சிக்காரனின் மனோபாவமே இது. ரண சிகிச்சை எவ்வளவு திறமையாக நடந்திருப்பினும், கண்ணுக்குப் புலப்படாத புற்றணுக்கள் உடலில் தங்கி, ஈரலிலோ நுரையீரலிலோ பின்னர் தலைதூக்கக் கூடும். அவ்விதம் திரும்பும் நோயில் பெரும்பகுதி முதல் மூன்று வருஷங்களுக்குள்ளேயே வெளிப்படுகிறது. காலத்தில் கண்டுகொண்டால் சிலருக்கேனும் அதையும் அறுத்துக் குணப்படுத்தலாம். ஆகையால் முதற் சில வருஷங்கள் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒரு முறை சி.இ.ஏ. என்னும் ரத்தப் பரிசோதனையும், குறித்த காலங்களில் சி.டி. ஸ்கேனும், ஒரு வருஷம் சென்றதும் குழாய் செலுத்திக் குடலை நோக்கும் பரிசோதனையும் செய்து, 5 வருஷம் கவனித்து வரவேண்டுமென்பது வைத்திய விதி.

சேலம் நகரவாசிக்கு இது இயலும். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டக் கூலிக்கும், உள்கிராமத்து மலையாளிக் குடியானவனுக்கும் இயலுமா? ஏற்காட்டிலிருந்து சேலம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். குடலை நோக்குவதற்கு முன் பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தி செய்தாக வேண்டும். அம்மருந்தைக் குடித்தவன் அத்தனை வளைவுகளிலும் பஸ்ஸில் எவ்வாறு உட்கார்ந்து வருவானென்று, சீட்டில் தேதி குறித்துக் கொடுப்போர் யோசித்ததுண்டா? வலியும் இல்லை, போனால் ஒரு நாள் கூலியும் நஷ்டம் என்றால் அவன் வராமலிருப்பதில் வியப்பென்ன? அவனை அறிவிலி என்று ஏசுவது சுலபம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ரண சிகிச்சையின் செலவை ஏற்கிறது; இழந்த கூலியை ஏற்பதில்லை.

ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடி மருந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற ஏற்பாட்டைச் சர்க்கார் 2021 ஆகஸ்டில் தொடங்கினர். நல்ல காரியம், நாம் அதை மனமார வரவேற்கிறோம். அதே முறையில், குடற்புற்றுக்கு அறுவை செய்துகொண்டவர்களின் ஜாபிதா ஒன்று மலையிலேயே இருக்கட்டும். தவணை வந்ததும் ஊழியர் சென்று அழைக்கட்டும். ரத்தத்தை ஏற்காட்டு சர்க்கார் ஆஸ்பத்திரியில் எடுத்துச் சேலத்துக்கு அனுப்பலாம். ரத்தம் மலையிறங்கினால் போதும், மனிதன் இறங்க வேண்டியதில்லை. வயிற்றில் வழி வைக்கப்பட்டவர்களுக்கு மலப்பையும் அவ்வழியே வீட்டுக்குச் செல்லட்டும். குடலை நோக்கும் பரிசோதனைக்கு வருவோருக்கு முந்தின நாளே கீழே ஒரு படுக்கை ஒதுக்கப்பட வேண்டும்; மருந்தை அவர்கள் அங்கேயே குடிக்கட்டும்.

சேலம் ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர்கள் அடுத்த மானிய விவாதத்தில் இதைக் கேட்பார்களா?