சொல்லும் பொருளும்: ‘என்ஸ்யூ’

இவ்வாரம் ‘என்ஸ்யூ’ என்னும் ஆங்கில வினையை எடுத்துக்கொள்வோம். பின்தொடர்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லொன்று பிரெஞ்சு பாஷையின் வழியே ஆங்கிலத்தில் புகுந்து இவ்வடிவம் பெற்றது. ஒரு காரியத்தின் பின்னே, பெரும்பாலும் அதன் பயனாக, மற்றொன்று நிகழ்வதை இது குறிக்கும்.

இது செயப்படுபொருள் குன்றிய வினை. ‘மழை வெள்ளத்தை என்ஸ்யூ செய்தது’ என்று நம் மாணாக்கர் எழுதுவது பிழை. மழை பெய்தது, வெள்ளம் ‘என்ஸ்யூ’ ஆயிற்று என்பதே முறை.

நெய்வேலிவாசிகளாகிய நாம் உதாரணம் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. இங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நீர் பேரழுத்தத்துடன் நிற்கிறது. அதை இடைவிடாது இறைக்காவிடில் சுரங்கத்தின் தரை பெயர்ந்து வெள்ளம் ‘என்ஸ்யூ’ ஆகும். இயற்கையின் செயலுக்கு இச்சொல் பொருத்தமே.

ஆனால் 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, நின்ற நெற்பயிரினுள் யந்திரங்கள் இறங்கின. ‘பயிர்ச்சேதம் என்ஸ்யூ ஆயிற்று’ என்று அதை எழுதினால் இலக்கணத்தில் பழுதில்லை. எனினும், சேதம் தானாகவே நடந்து வந்ததுபோல் அன்றோ தொனிக்கிறது? நியாயம் எவர் பக்கமாயினும், அச்செயலுக்குக் கர்த்தா உண்டு. அவர் வாக்கியத்திலிருந்து நழுவி விடுகிறார்.

தமிழில் இதற்கு நேரான சொல் ‘விளை’. வயலில் நெல் விளையும். உலகில் நன்மையும் தீமையும் விளையும். ஆயினும் விளைவு என்றதும் விதைத்தவர் நினைவுக்கு வருவார். ‘விளைவித்தல்’ என்ற பிறவினையும் கைவசம் உண்டு. ஆகவே ‘என்ஸ்யூ’ எதிர்ப்படும்போதெல்லாம் நம் குழந்தைகள் ஒரு கேள்வி கேட்கப் பழகட்டும்: விளைவித்தவர் யார்?