மீன் வருவதற்கு முன் தொட்டி தயாராகட்டும்



விடுமுறை தொடங்கியதும் பல வீடுகளில் பிள்ளைகள் மீன்தொட்டி கேட்கிறார்கள். புதிய தொட்டியின் விலை கட்டுப்படியாகாதபோது பழையதைத் தேடுகிறோம். வீடு மாறுகிறவர்களும் வெளிநாடு போகிறவர்களும் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல பொருள் குப்பைக்குப் போகாமல் இன்னொரு குடும்பத்துக்குப் பயன்படுவது வரவேற்கத் தக்கதே. ஆனால் தொட்டி வீட்டுக்கு வந்த அன்று மாலையே மீனையும் வாங்கி விட்டுவிடுகிறோம். அங்கேதான் பிழை செய்கிறோம். நானும் அப்பிழையைச் செய்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு நான் வாங்கிய பழைய தொட்டி 2 அடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் கொண்டது. பாத்திரம் துலக்கும் சோப்பால் அதைத் தேய்த்தேன். குழாய்த் தண்ணீரை நிரப்பி, மஃரிபுக்கு முன்பாகவே 6 தங்கமீன்களை விட்டோம். மூன்றாம் நாள் அவை நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திணறின. வாரம் முடிவதற்குள் ஆறும் இறந்தன. "அத்தா, நாம என்ன தப்பு பண்ணினோம்?" என்று இளைய மகள் கேட்டாள். "அல்லாஹ்வின் நாட்டம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்தப் பதில் பல நாள் என்னை உறுத்தியது. அனைத்தும் அவன் நாட்டப்படியே நடக்கின்றன என்பது நம் ஈமான். ஆயினும் என் கவனக்குறைவை மறைக்க அந்த ஈமானையே திரையாக்கிக்கொண்டேன். பிள்ளை கேட்டது தன் பங்கை அறிவதற்காக. நான் அதற்கு விடை சொல்லவில்லை.

சிற்றுயிர்களை அன்போடு வளர்ப்பதற்கு மார்க்கத்தில் தடையில்லை. அபூ உமைர் என்ற சிறுவர் ஒரு சின்னக் குருவியை வைத்து விளையாடியதையும், அது இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் பரிவோடு விசாரித்ததையும் ஹதீஸ்களில் காண்கிறோம். பூனையை அடைத்துவைத்துச் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்ட செய்தியையும் அறிவோம். அவள் தானும் உணவளிக்கவில்லை. அது தானாகத் தேடித் தின்னவும் விடவில்லை. கண்ணாடித் தொட்டியில் இருக்கும் மீனின் நிலையும் இத்தகையதே. நீர் நஞ்சானால் வேறு நீரைத் தேடிப்போக அதற்கு வழியில்லை. எனவே அந்த நீரைச் சரியாக வைத்திருப்பது நம் மீதுள்ள அமானிதம்.

பிறகு விசாரித்தும் படித்தும் நான் அறிந்துகொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வாங்கும்போதே, முன்பு அதில் என்ன மீன் இருந்தது, நோய் வந்ததா, எந்த மருந்து ஊற்றினார்கள் என்று கேளுங்கள். விற்கும் சகோதரர்களும் கசிவையோ நோயையோ மறைக்கலாகாது. குறையைச் சொல்லி விற்பதில்தான் பரக்கத் இருக்கிறது.

அடுத்து கசிவுச் சோதனை. பல மாதம் காய்ந்து கிடந்த தொட்டியின் சிலிக்கான் பசை விட்டிருக்கலாம். நனைந்தாலும் பாதகமில்லாத சமதளத்தில், அடியில் தெர்மாகோல் விரித்து வைத்து, நீர் நிரப்பி, மட்டத்தைக் குறித்து, ஒன்றிரண்டு நாள் பாருங்கள். என் தொட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய 56 லிட்டர். அப்படியானால் நீர் மட்டுமே 56 கிலோ! அதைத் தாங்கும் மேசை வேண்டும். நீரோடு தொட்டியைத் தூக்கவே கூடாது.

கழுவுவதற்குச் சோப்பும் சலவைத்தூளும் ஆகா. ஒட்டியிருக்கும் மிச்சம் மீனுக்குக் கேடு. வெண்ணிற உப்புப் படிவைத் தண்ணீர் கலந்த வினிகரால் ஊறவைத்துத் துடைத்தால் போய்விடும். பாசியைப் பிளேடால் சுரண்டும்போது மூலைகளிலுள்ள பசையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் காயம் இருந்தால் கையுறை அவசியம். மீன்தொட்டியிலிருந்து மனிதத் தோலுக்குத் தொற்றும் கிருமியும் உண்டு.

நோய் இருந்த தொட்டியாயின், மணமற்ற பிளீச் திரவம் ஒரு பங்குக்கு நீர் 20 பங்கு கலந்து, 10 முதல் 15 நிமிடம் வைத்துக் கொட்டிவிடுங்கள். பிறகு வாடை போகும்வரை பலமுறை அலசி, நன்றாகக் காயவிடுங்கள். வினிகரும் பிளீச்சும் ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சுவாயு உண்டாகும். வினிகரை முற்றும் கழுவிய பிறகே பிளீச்சை எடுக்க வேண்டும். இவ்வேலையைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். பழைய கற்களையும் வடிகட்டிப் பஞ்சையும் எறிந்துவிட்டுப் புதியன வாங்குவதே நலம்.

இனித்தான் நாம் அறியாமல் விடும் கட்டம். மீன் வெளியேற்றும் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த ஊழியர்களை அல்லாஹ் குளங்களிலும் ஆறுகளிலும் முன்பே அமைத்து வைத்திருக்கிறான். கழுவிய தொட்டியில் அவை இல்லை. வடிகட்டியில் அவை குடியேறிப் பெருக ஏறக்குறைய 4 முதல் 6 வாரம் ஆகும். என் மீன்கள் மூன்றாம் நாளே திணறியதன் காரணம் எனக்கு இங்கேதான் விளங்கியது.

ஆகவே குளோரின் நீக்கி மருந்து கலந்த நீரை நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, மீன் இல்லாமலேயே தினம் ஒரு சிட்டிகை மீனுணவு இடுங்கள். அது அழுகி அம்மோனியாவைத் தரும். நுண்ணுயிரிகள் அதை உண்டு பெருகும். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளக்கும் சோதனைப் பொருள் அலங்கார மீன் கடைகளில் கிடைக்கிறது. அவை முதலில் உயர்ந்து, பின்னர் இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கி அங்கேயே நின்றால் தொட்டி தயார். அப்போதும் சில சிறிய மீன்களோடு தொடங்குங்கள். ஓரடிக்கும் அருகே வளரக்கூடிய தங்கமீன்கள் ஆறுக்கு என் தொட்டி எந்நாளும் போதாது.

"சில ரூபாய் மீனுக்கா இத்தனை பாடு?" என்று சிலர் கேட்கலாம். விலை நாம் வைத்தது. உயிர் நாம் கொடுத்ததன்று. மீன் செத்தால் வேறு வாங்கித் தருகிறேன் என்று சொல்லும்போது, ஓர் உயிருக்குப் பதில் இன்னோர் உயிர் கடையில் கிடைக்கும் என்றல்லவா பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறோம்? காத்திருக்க இயலாத வீட்டுக்கு மீன்தொட்டி வேண்டாம் என்பதே என் கருத்து.

இவ்வாண்டு நாங்கள் ஐந்து வாரம் காத்திருந்தோம். வெறும் தண்ணீரைப் பார்த்து விருந்தினர் சிரித்தார்கள். மகள் நாள்காட்டியில் தினமும் அளவுகளைக் குறித்துவந்தாள். இரண்டும் பூஜ்யத்தில் நின்ற பிறகு நான்கு கப்பி மீன்கள் வந்தன; அல்ஹம்துலில்லாஹ், நலமாக இருக்கின்றன. அன்றிரவு அவளை அழைத்து, போன வருடம் மீன்கள் இறந்தது அத்தாவின் அவசரத்தால்தான் என்று சொன்னேன். "அப்பவே சொல்லியிருக்கலாமே அத்தா" என்றாள்.